நானூற்று எண்பது கொக்கியும் ஒரு பூஜ்ஜியமும்

சல்கின் ஓடி முடிக்கும்வரை அவளுடைய கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றவள் நான்தான். கோட்டு கீழே விழாமல் இருந்ததே பெரிய விஷயம். அவள் ஓட வேண்டி வந்ததற்குக் காரணமும் நான்தான் என்பதால், கதையை நான் சொல்வதுதான் நியாயம்.

கிர்கிஸ் நாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கில் எங்கள் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பட்டம் கொடுப்பது டீன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம். பட்டம் கொடுப்பது என் மேசையில் இருக்கும் இளஞ்சிவப்புத் தாள். வணிக நிர்வாக இளங்கலை என்றால் நூற்றிருபத்தெட்டு கிரெடிட். கணக்கியல் இரண்டு, புள்ளியியல், சந்தைப்படுத்தல், வணிக அறம், வரலாற்றுக்கு அரசுத் தேர்வு, கோடையில் ஒரு கம்பெனியில் பயிற்சி, கடைசியில் ஆய்வறிக்கை. ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்துக்கொண்டே வருவேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போச்சு. அழுதாலும் புரண்டாலும் என்னிடம் பலிக்காது. பிள்ளைகள் எனக்கு ‘இரும்புப் பூட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சல்கின் எங்கள் கோட்டு அறைக்காரி. வெளியே குளிருக்குப் போட்ட கோட்டோடு யாரும் வகுப்புக்குள் போக முடியாது. நுழைந்ததும் இடதுபக்க ஜன்னலில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். அவள் வருவதற்கு முன்னால் அந்த ஜன்னல் ஒரு போர்க்களம். காலை எட்டு மணிக்கு நானூறு பேர் முண்டியடிப்பார்கள். டோக்கன் தொலையும், கோட்டு மாறும், ஒருத்தி அழுவாள், ஒருத்தன் கத்துவான். சல்கின் வந்த முதல் மாதமே டோக்கன்களை ஒரு வாளியில் கொட்டி மூலையில் வைத்துவிட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, படிப்பு முடியும்வரை அதே கொக்கி. நானூற்று எண்பது முகமும் நானூற்று எண்பது எண்ணும் அவள் மண்டைக்குள். ஆள் கதவைத் திறக்கும்போதே எண்ணைச் சொல்லிவிடுவாள். என் எண் பதினேழு.

அவள் நாரின் என்ற மலைப்பகுதிக்காரி. பதினெட்டு வயதில் நகரத்துக்கு வந்து, ஒரு தையல் பட்டறையில் பதினோரு வருடம் சட்டைக்குக் கழுத்துப்பட்டி மட்டும் தைத்தாள். பட்டறை மூடியது. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இதைச் சொல்லும்போது அவள் அழமாட்டாள். தன் மேலிருக்கும் பெரிய கறுப்புக் கோட்டைத் தட்டிக் காட்டுவாள்.

“அவன் விட்டுட்டுப் போனதுல உருப்படியானது இது ஒண்ணுதான்கா. நல்லா கனமா இருக்கு. ஆளும் இப்படி இருந்திருக்கலாம்.”

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஊழியர் விதிப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் குத்தினாள். மூன்று வருடம் வேலை பார்த்த ஊழியர் யாராக இருந்தாலும் அவரும் குடும்பத்தாரும் இங்கேயே இலவசமாகப் படிக்கலாம் என்று அதில் இருந்தது. அந்த விதியை அதுவரை பேராசிரியர்களின் மனைவிமார் மட்டும்தான் பயன்படுத்தியிருந்தார்கள்.

“என்னடி, கோட்டு மாட்டுறவளுக்கு பிசினஸ் டிகிரியா?” என்றேன். என் வாய் அப்படி.

“கோட்டு மாட்டுறதுதான்கா பிசினஸ். காலைல நானூறு கஸ்டமர், அத்தனை பேருக்கும் அவசரம், ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. மேல கிளாஸ்ல இத பத்தித்தான் பேசுறாங்க, நான் கேட்டேன். நான் செய்யுறத அவங்க படமா வரைஞ்சு வச்சிருக்காங்க.”

நுழைவுத் தேர்வில் ஒரு தடவை தோற்றாள், அடுத்த தடவை தேறினாள். ஆங்கிலத்தை முக்கால்வாசி ஜன்னலில் நின்றே கற்றாள். எட்டு மணிக்குப் பேராசிரியரின் கோட்டை வாங்கி மாட்டுவாள், பத்து மணிக்கு அவர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். புள்ளியியலில் இரண்டு தடவை கவிழ்ந்தாள். மூன்றாம் தடவை தேறியபோது ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு போர்சோக் கொடுத்தாள். பொரித்த மாவு வாசம் மூன்றாம் மாடி வரை ஏறியது. இருபது வயதுப் பிள்ளைகளோடு குழு வேலை செய்தாள். அவர்களில் அதினாய் என்றொரு பெண் அவளோடு ஒட்டிக்கொண்டாள். ஆய்வறிக்கை கூடக் கோட்டு அறையைப் பற்றித்தான். தன் காலில் அடியெண்ணும் கருவி கட்டிக்கொண்டு அவளே அளந்தாள். ஜன்னலிலிருந்து கடைசிக் கொக்கி வரை பதினைந்து மீட்டர். குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு அவள் நடப்பது ஒன்பது கிலோமீட்டர்.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கோட்டு அறையை மூடிவிட்டு செப்டம்பரிலிருந்து பூட்டுப் பெட்டிகள் வைக்க முடிவு செய்தது! தன் வேலைக்குத் தானே குழி வெட்டிக்கொண்டாள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். கட்டட மேலாளர் பதவி காலியாக இருந்தது. இளங்கலைப் பட்டம் கட்டாயம், விண்ணப்பிக்க ஜூன் முதல் வாரத்தோடு கெடு முடிகிறது. அவள் கணக்கு அதுதான். கோட்டு அறை மூடும்போது அவள் பட்டதாரியாக இருப்பாள், கட்டடம் முழுவதும் அவள் கைக்கு வரும். பட்டம் இல்லையென்றால் கொக்கியும் கிடையாது, கட்டடமும் கிடையாது. நேரே தெருதான்.

மே பதினெட்டாம் தேதி அவளுடைய இளஞ்சிவப்புத் தாளை எடுத்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே டிக் அடித்தேன் என்றால் நம்புங்கள். நூற்றிருபத்தெட்டு கிரெடிட்டும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தபோது கடைசி வரி கண்ணில் பட்டது. உடற்கல்வி, நான்கு பருவம், கிரெடிட் பூஜ்ஜியம். நான்கு கட்டமும் காலி.

பூஜ்ஜியம் என்பதால் கணினியின் கூட்டலில் அது தெரியவே இல்லை. ஆனால் அது இல்லாமல் பட்டம் கிடையாது. உடனே நினைவு வந்துவிட்டது. முதல் வருடம், முதல் வாரம். உடற்கல்வி வகுப்பு காலை எட்டு மணிக்கு. அவள் கோட்டு அறையில் நிற்க வேண்டிய நேரமும் அதுதான். என்னிடம் வந்து கையைப் பிசைந்தாள். நான்தான் சொன்னேன், “இதுக்குப் போயி முழிக்கிறியே, டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு கொண்டு வாடி. நெஞ்சு வலின்னு எழுதி வாங்கு. ஊரே அதைத்தான் பண்ணுது.”

ஊரே அதைத்தான் செய்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உடற்கல்வி வகுப்பில் மட்டும் வரும் இதய நோய் உண்டு. கல்யாண வீட்டில் அதே இதயத்தோடு விடிய விடிய ஆடுவார்கள். பின்லாந்திலிருந்து டீன் மர்யுக்கா வந்த புதிதில் இந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பதறிப்போய், வாசலில் எந்நேரமும் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆம்புலன்ஸ் ஒரு வருடம் நின்றது.

சல்கினும் சான்றிதழ் கொண்டுவந்தாள். ஓட்டத்திலிருந்து விலக்கு என்று நான் முத்திரை குத்தினேன். விலக்கு வாங்கியவர்கள் அதற்குப் பதிலாக ஒவ்வொரு பருவமும் ஓர் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். அதை அவளிடம் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். பருவத்துக்கு ஒன்றுதான் எழுத முடியும் என்பதால், இனி எழுத ஆரம்பித்தால் நான்கும் முடிய இரண்டு வருடம்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பூஜ்ஜியமா?”

“பூஜ்ஜியம்தான்.”

“ஏன்கா, நூத்தி இருவத்தெட்டையும் தூக்கிட்டு வந்துட்டேன். ஒண்ணுமே இல்லாத இது வந்து வழிய மறிக்குதே!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

இருவரும் உடற்கல்வித் துறைக்கு ஓடினோம். துறைத் தலைவர் ஓர்மோன் பழைய மல்யுத்த வீரர், கழுத்தே இல்லாத மனிதர். கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார்.

“ஒரு வழி இருக்கு தங்கச்சி. ஒரே நாள்ல உடற்தகுதித் தேர்வு. தேறினா நாலு பருவமும் முடிஞ்சதா கணக்கு. தண்டால், குதிக்கிறது எல்லாம் இவ ஊதித் தள்ளிடுவா. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டம்தான் சிக்கல். பதினொன்றரை நிமிஷத்துல முடிக்கணும்.”

“நாப்பத்தி நாலு வயசுக்குமா?” என்றேன்.

“என்கிட்ட இருக்கறது ஒரே பட்டியல். இருபது வயசுப் பொண்ணுங்களுக்குப் போட்டது.” பிறகு கோப்பைத் திறந்தார். “அதைவிடப் பெரிய சிக்கல் இது. இவளுக்கு இதய நோய்னு இங்க எழுதியிருக்கே. நான் எப்படி ஓட விடுவேன்?”

ஓட வேண்டுமென்றால் சான்றிதழ் பொய் என்று சொல்ல வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் நீக்கம், விதிப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. உண்மை என்று சொன்னால் ஓட முடியாது. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அதுதான்.

வெளியே வந்ததும் நான் அவள் காதில் ஓதினேன். “நோய் குணமாயிடுச்சுன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருடி. யாருக்குத் தெரியும்?”

“அக்கா, ஒரு பொய்ய மூட இன்னொரு பொய்யா? அதுக்கப்புறம் அத மூட ஒண்ணா? வணிக அறத்துல நான் ஏ கிரேடு வாங்கியிருக்கேன், தெரியும்ல? அந்த ஏ-வை நான் எங்க கொண்டுபோய் மாட்டுறது?” குரல் உயர்ந்துவிட்டது. “நான் கமிட்டி முன்னால போயி சொல்லப்போறேன். உன் பேரு வராது, கவலப்படாத.”

கமிட்டி திங்கட்கிழமை கூடியது. டீன் மர்யுக்கா நடுவில், ஓர்மோன் ஒரு பக்கம், குறிப்பெடுக்க நான் ஓரத்தில். சல்கின் தன் ஆய்வறிக்கையைச் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“அந்த சர்டிபிகேட் பொய்யிங்க. என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. எட்டு மணிக்கு நானூறு பேர் கோட்டோட நிப்பாங்க, அவங்கள விட்டுட்டு என்னால போக முடியல. அதுக்காக அப்படி செஞ்சேன். செஞ்சது தப்பு. என்ன தண்டனைன்னாலும் குடுங்க, ஆனா ஓட விடுங்க.”

டீன் கண்ணாடியைக் கழற்றினார். “இப்படிச் செய்யலாம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல.”

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் எத்தனை பிள்ளைகளிடம் ‘விதி விதிதான்’ என்று நீட்டி முழக்கியிருக்கிறேன்! எனக்கு அவமானத்தில் காது சுட்டது. எழுந்தேன்.

“நான் சொன்னேங்க. நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். எழுத்துத் தேர்வு பத்திச் சொல்லாம விட்டதும் நான்தான்.”

சல்கின் திரும்பி, “உக்காருக்கா!” என்று பல்லைக் கடித்தாள். அந்த நேரத்தில் ஓர்மோன் எழுந்து, தன்னோடு தூக்கிக்கொண்டு வந்திருந்த மேசை இழுப்பறையை அப்படியே கமிட்டி மேசைமேல் கவிழ்த்தார். சான்றிதழ்கள் மலையாகக் குவிந்தன.

“இந்த வருஷத்துது மட்டும், இருநூத்தி முப்பது. இதுல உண்மையான நோயாளி ஒம்பது பேர், அவங்கள எனக்குத் தெரியும். மத்தவங்க எல்லாரையும் நீக்கினா நாளைக்கு நீங்க யாருக்குங்க பாடம் நடத்துவீங்க? பத்து வருஷத்துல தானா வந்து பொய்னு சொன்ன முதல் ஆள் இவதான்.”

டீன் அந்தக் குவியலை நெடுநேரம் பார்த்தார். “அப்போ அந்த ஆம்புலன்ஸ்...” என்று மெதுவாகக் கேட்டார். ஓர்மோன் சான்றிதழ்களைத் திரும்ப இழுப்பறைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

தீர்ப்பு வந்தது. சல்கினுக்கும் எனக்கும் எழுத்துமூலம் கண்டனம், இருவர் கோப்பிலும். இதயப் பரிசோதனை உண்மையாகச் செய்துகொள்ள வேண்டும். ஜூன் இரண்டாம் தேதி தேர்வு. ஒரே வாய்ப்பு, சலுகை கிடையாது, இருபது வயதுக்காரிகளின் பட்டியல்தான். சல்கின் அறையை விட்டு வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் லேசான ஆள் அல்ல.

இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தண்டால், குதித்தல் எல்லாம் ஓர்மோன் சொன்னபடியே. ஓட்டம்தான் உதைத்தது. முதல் நாள் பதின்மூன்று நிமிடம் நாற்பது. அடுத்த வாரம் பன்னிரண்டு பத்து. அங்கேயே நின்றுவிட்டது, ஒரு நொடி இறங்கவில்லை. ஓர்மோன் தலையைச் சொறிந்தார்.

“வலு இருக்கு. மூச்சு இருக்கு. ஆனா நடுநடுவுல ஏன் தயங்குற? யாராவது கூப்பிடுறாங்களா?”

“தெரியலண்ணே. காலு தானா திரும்பப் பாக்குது.”

அதினாய் ஒருநாள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து அளந்தாள். அளந்ததும் துள்ளிக் குதித்தாள். “அக்கா, பதினஞ்சு மீட்டர்! ஒவ்வொரு பதினஞ்சு மீட்டருக்கும் தயங்குறீங்க! கோட்டு அறையோட நீளம் அது! ஒம்பது வருஷமா கடைசி கொக்கிக்குப் போயி திரும்பித் திரும்பி உங்க காலு அப்படிப் பழகியிருக்கு!”

“இப்ப என்னடி பண்றது? கால வெட்டியா போட முடியும்?”

“காலு வேற எங்கயும் திரும்ப வேணாம்க்கா. அடுத்த கொக்கிக்குப் போகட்டும்” என்றாள் அதினாய். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கள்ளி.

ஜூன் இரண்டாம் தேதி காலை. முந்தின நாள் மழையின் குளிர் மிச்சமிருந்தது, மலை முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. சல்கின் புருஷனுடைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஓடுவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு, எங்கே மாட்டுவது என்று சுற்றிலும் பார்த்தாள். “கொடுடி” என்று வாங்கிக்கொண்டேன். பிறகுதான் ஓடுபாதையைப் பார்த்தாள்.

இருபத்தாறு பேர். நானூறு மீட்டர் வட்டம் முழுவதும், பதினைந்து மீட்டருக்கு ஒருவராக, அதினாய் நிறுத்தி வைத்திருந்தாள். பிள்ளைகள், நூலகக்காரி, சமோசா விற்கும் அம்மாள், முழங்கால் வரை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு டீன் மர்யுக்காவும். ஓட்டம் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கடைசி ஆளாக நான்.

ஓர்மோன் விசில் ஊதினார். சல்கின் கிளம்பியதும் முதல் ஆள் கத்தினான், “இருநூத்திப் பன்னண்டு!” அடுத்தவள், “தொண்ணூத்தி ஒம்பது!” அடுத்து, “முன்னூத்தி நாப்பது, அக்கா, முன்னூத்தி நாப்பது!” எல்லாம் அவரவர் கொக்கி எண்! காலை எட்டு மணி ஜன்னல் மாதிரியே ஆகிவிட்டது மைதானம். சல்கினுடைய கால் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு எண்ணையும் பிடிக்கப் போவதுபோல ஓடினாள். முதல் சுற்று இரண்டு நிமிடம் ஒன்பது நொடி!

“வேகம் ஜாஸ்தி, குறை!” என்று ஓர்மோன் அலறினார். யார் கேட்டார்கள்? இரண்டாம் சுற்று சரியாக வந்தது. மூன்றாவதில் முகம் சிவந்தது. நான்காவது முடியும்போது வாயைத் திறந்து காற்றைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பது நிமிடம் பதினெட்டு நொடி ஆகியிருந்தது. கடைசிச் சுற்றை இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடிக்குள் முடிக்க வேண்டும். நான்காவது சுற்றுக்கே இரண்டு இருபத்தொன்பது எடுத்தவள்!

எதிர்ப்பக்கத்தில் டீன் தன் எண்ணைக் கிர்கிஸ் மொழியில் கத்தினார், உச்சரிப்பு கோணல்மாணலாக. “மூணு! மூணு!” சல்கின் மூச்சு முட்டிக்கொண்டே சிரித்தாள். சிரித்ததில் என்ன ஆயிற்றோ, கால் வேகம் எடுத்தது. வளைவில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வட்டம் முழுவதும் நின்றவர்களெல்லாம் சேர்ந்தே கத்த ஆரம்பித்தார்கள். நேர்பாதைக்கு வந்தாள். அங்கே கால் தடுமாறியது. அவளுக்கு முன்னால் கடைசியாக நின்றது நான்தான்.

“பதினேழு!” என்று கத்தினேன். ‘இரும்புப் பூட்டு’ கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். “அடியே, பதினேழுடி! வா! என் கோட்டக் குடுத்துட்டுப் போடி!”

அவள் என்னைத் தாண்டிப் பறந்தாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது, கோடு தாண்டியதை நான் பார்க்கவே இல்லை. ஓர்மோனின் கூச்சல்தான் கேட்டது. கழுத்தில்லாத அந்த மனிதர் கடிகாரத்தை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். பதினொன்று இருபத்தாறு! நான்கு நொடி மிச்சம்!

பிள்ளைகள் அவள்மேல் விழுந்தார்கள். விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தேன். புல்லில் மல்லாந்து கிடந்தவள் கையை நீட்டினாள்.

“கோட்டு...”

“டோக்கன் எங்கடி?” என்றேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, திரும்பச் சிரிப்பாயிற்று. நானும் அழுதேன். மறைப்பானேன்?

பத்தரை மணிக்கு ஓர்மோன் கையெழுத்திட்ட தாளோடு இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தோம். இளஞ்சிவப்புத் தாளை எடுத்து, உடற்கல்வி என்ற வரியில் நான்கு கட்டத்திலும் ‘தேர்ச்சி’ என்று எழுதினேன். பக்கத்தில் கிரெடிட் எண்ணிக்கை எழுத வேண்டும்.

“அந்த பூஜ்ஜியத்த நான் எழுதட்டுமாக்கா?” என்றாள்.

கூடாது. அலுவலர் தவிர வேறு யாரும் அந்தத் தாளைத் தொடவே கூடாது. என் கோப்பில் ஏற்கெனவே ஒரு கண்டனம் இருக்கிறது. பேனாவை அவள் கையில் கொடுத்தேன். குனிந்து எழுதினாள். பூஜ்ஜியம் கொஞ்சம் பெரிதாகப் போய்க் கட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கூட்டுத்தொகை மாறவில்லை, நூற்றிருபத்தெட்டேதான். நான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அதை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புல் ஒட்டிய கோட்டோடு, கட்டட மேலாளர் பதவிக்கு விண்ணப்பம் கொடுக்க இரண்டு மாடி கீழே போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்.